சன்மானமும் கட்டணமும்: எழுத்தைத் தொழிலாகக் கொண்டோர்

ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர் என்பவர் எந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலும் இல்லாமல், வேலைக்கு வேலை பேசி, எழுதிக் கொடுத்தும் பிறர் எழுதியதைத் திருத்திக் கொடுத்தும் பிழைப்பவர். ஒரே மாதத்தில் அவர் ஒரு வார இதழுக்குக் கட்டுரை எழுதுவார். ஒரு பதிப்பகத்துக்காக வேறொருவரின் நாவலைச் செப்பனிடுவார். ஒரு மருத்துவமனையின் வலைத்தளத்தில் எந்தப் பக்கம் இருக்க வேண்டும், எதை எடுத்துவிட வேண்டும் என்று திட்டம் போட்டுத் தருவார். எழுத்து, செம்மையாக்கம், உள்ளடக்கத் திட்டமிடல் என்று மூன்று பெயர்கள் வழங்கினாலும் அடியில் கிடக்கும் கேள்வி ஒன்றுதான்: படிக்கப்போகிறவருக்கு என்ன தெரிய வேண்டும், எந்தச் சொல்லில் சொன்னால் அது போய்ச் சேரும்? அந்த உழைப்புக்கு என்ன விலை, அந்த விலை எப்படிக் கைக்கு வந்து சேரும் என்பது தொழிலின் மறுபாதி. தமிழில் முதல் பாதியைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. மறுபாதியைப் பேச எழுத்தாளர்களுக்கே கூச்சம். அந்தக் கூச்சத்தால் அவர்கள் இழந்தது கொஞ்சமல்ல.

'ஃப்ரீ லான்ஸ்' என்ற சொல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கியது. 1819இல் வெளிவந்த 'ஐவன்ஹோ' நாவலில் வால்ட்டர் ஸ்காட் அதை ஆண்டார். எந்தப் பிரபுவுக்கும் நிரந்தரமாகக் கட்டுப்படாமல், கூலி பேசிப் போரிடும் ஈட்டி வீரர்களைக் குறித்த சொல் அது. பிற்பாடு அது பேனா பிடித்தவர்களுக்கும் வந்தது. தமிழில் இதற்கு நிலைத்த பெயர் இன்னும் அமையவில்லை. சுதந்திர எழுத்தாளர், தற்சார்பு எழுத்தாளர் என்று எழுதுகிறார்கள், பேச்சில் ஃப்ரீலான்ஸர்தான். சிலர் 'பகுதிநேர எழுத்தாளர்' என்கிறார்கள். அது பொருந்தாது. வேறு வேலை எதுவும் இல்லாமல் எழுத்தையே நம்பி இருப்பவரை இலக்கிய வட்டாரம் 'முழுநேர எழுத்தாளர்' என்று அழைத்துவந்திருக்கிறது. அந்தப் பெயரே உண்மைக்கு நெருக்கமானது.

எழுத்துக்குக் கைம்மாறு கேட்பது தமிழுக்குப் புதிதல்ல. புறநானூற்றில் 'பரிசில் கடாநிலை' என்று ஒரு துறையே இருக்கிறது. பாடிய புலவருக்கு மன்னன் பரிசு தரக் காலம் தாழ்த்தும்போது, அதைப் புலவர் நினைவூட்டிக் கேட்பது அதன் பொருள். இன்றைய ஃப்ரீலான்ஸர் தாமதமான பில்லுக்காக மூன்றாவது முறை மின்னஞ்சல் அனுப்புகிறாரே, அதே நிலைதான். அந்தத் தொகைநூலிலேயே பெருஞ்சித்திரனாரின் பாட்டு ஒன்றும் உண்டு. அதியமான் நெடுமான் அஞ்சி அவரை நேரில் பாராமலே பரிசிலை அனுப்பிவைக்கிறான். புலவர் வாங்க மறுக்கிறார். தம் தகுதியை அளந்து அறிந்து தருவது சிறிதானாலும் போதும், பாராமல் தருவதை வாங்கிக்கொள்ளத் தாம் வணிகர் அல்லர் என்பது அவர் நிலை. கேட்பதிலும் மறுப்பதிலும் அந்தக் காலத்துப் புலவர்களுக்குக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

பத்திரிகைகள் வந்த பிறகு கொடுப்பவர் மாறினார்; கொடுக்கும் முறை பாதிதான் மாறியது. சுதேசமித்திரன் 1882இல் தொடங்கியது. 1904இல் அங்கே உதவி ஆசிரியராகச் சேர்ந்த பாரதிக்கு ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது அன்றாட வேலை. அது சம்பள வேலை. வெளியிலிருந்து எழுதுவோருக்கு இதழ்கள் கொடுத்தது 'சன்மானம்'. இந்தச் சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சன்மானம் என்றால் மரியாதை செய்தல். மரியாதைக்கு யாரும் பில் போடுவதில்லை. இவ்வளவு வேண்டும் என்று கேட்பதில்லை. வராவிட்டால் வழக்குப் போடுவதில்லை. கதை அச்சாகி, மணியார்டர் வந்தால் மகிழ்ச்சி, வராவிட்டால் விதி என்ற மனநிலை அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வந்தது. 'மதிப்பூதியம்' என்று தமிழ்ப்படுத்தியபோதும் அந்த மனநிலை மாறவில்லை. கட்டணம் என்று சொல்லத் தொடங்கும் இடத்தில்தான் எழுத்து தொழிலாகிறது.

சன்மானம் கட்டணமாக அமையாததன் விலையை முழுநேரமாக எழுத வந்தவர்கள் கொடுத்தார்கள். புதுமைப்பித்தன் பத்திரிகை அலுவலகங்களில் வேலை பார்த்தார், பிற நாட்டுக் கதைகளை மொழிபெயர்த்தார், கடைசியில் சினிமாவுக்கு எழுதப் போனார். 'ராஜமுக்தி' படத்துக்காகப் புனே சென்றவர் காசநோயோடு திரும்பி, 1948இல் திருவனந்தபுரத்தில் இறந்தபோது வயது 42. க.நா. சுப்ரமண்யம் வாழ்நாள் முழுவதும் எழுத்தையே நம்பி இருந்தார்; சொந்த எழுத்தோடு மொழிபெயர்ப்பும் செய்தார். இவர்களுக்குத் திறமை குறையவில்லை. செய்த வேலையை அளந்து விலை சொல்லும் ஏற்பாடுதான் அன்றைய தமிழ்ப் பதிப்புலகில் இல்லை.

இன்றைக்கு எழுத்து வேலை பல இடங்களில் கிடைக்கிறது. நாளிதழ்க் கட்டுரை, நிறுவன வலைத்தளம், விளம்பர வாசகம், யூடியூப் காணொளிக்கான ஸ்கிரிப்ட், பாட நூல், தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கை, பிறர் பெயரில் எழுதித் தரும் தன்வரலாறு என்று வகைகள் ஏராளம். இவற்றில் எழுதும் முறையைவிட ஒப்படைக்கும் முறைதான் வேறுபடுகிறது. யாருக்காக, எத்தனை சொல்லில், எந்தத் தேதிக்குள், எத்தனை முறை திருத்தித் தருவதாகப் பேச்சு என்ற நான்கும் எழுத்தில் இருந்தால் போதும். மற்றவை கைப்பழக்கம்.

செம்மையாக்கம் அப்படிச் சுருக்கிச் சொல்லக்கூடிய வேலை அல்ல. தமிழில் அதிகம் தேவைப்படுவதும் மிகக் குறைவாக மதிக்கப்படுவதும் அதுதான். 'கொஞ்சம் ப்ரூஃப் பார்த்துக் கொடுங்கள்' என்ற ஒரு வாக்கியத்துக்குள் நான்கு வெவ்வேறு வேலைகள் ஒளிந்திருக்கும். அத்தியாயங்களின் வரிசையை மாற்றி, விட்டுப்போனதைக் கேட்டு வாங்கி, தேவையற்றதை எடுத்துவிடுவது முதல் வேலை. வாக்கியம் வாக்கியமாக மொழியைச் சீராக்குவது இரண்டாவது. பெயர், ஆண்டு, எழுத்துக்கூட்டல், சந்தி ஆகியவை நூல் முழுவதும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பார்ப்பது மூன்றாவது. பக்கம் வடிவமைத்த பிறகு அச்சுப் பிழை பிடிக்கும் மெய்ப்புப் பார்த்தல் நான்காவது. கடைசி வேலைக்கு மட்டும் பணம் பேசி, நான்கையும் செய்ய வைப்பது வழக்கமாக நடக்கிறது. கேட்பவர் வேண்டுமென்றே செய்வதில்லை. நான்கும் தனித்தனி வேலைகள் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

செம்மையாக்கத்தின் அளவுகோல்களைத் தமிழ் எப்போதோ வகுத்துவைத்திருக்கிறது. நன்னூலின் பாயிரம் ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து, இருக்க வேண்டிய அழகுகள் பத்து, கையாள வேண்டிய உத்திகள் முப்பத்திரண்டு என்று எண்ணித் தருகிறது. எடுத்துக்கொண்ட பொருளை விட்டு வேறொன்றில் நீளும் கட்டுரையை அது 'மற்றொன்று விரித்தல்' என்று பெயரிட்டுக் கண்டிக்கிறது. விறுவிறுப்பாகத் தொடங்கி முடிவில் வலுவிழந்து ஓயும் எழுத்துக்கும் அங்கே பெயர் உண்டு. அது 'சென்று தேய்ந்து இறுதல்'. எழுத்தாளரிடம் 'கடைசி மூன்று அத்தியாயங்கள் எப்படியோ இருக்கின்றன' என்று மழுப்புவதைவிட இந்தப் பெயர்களில் ஒன்றைச் சொல்வது பயன் தரும். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் இலக்கண நூலை எடிட்டரின் மேசையில் வைப்பதில் பழமைப் பற்று ஏதுமில்லை. இதைவிடக் கூர்மையான கருவி இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

மொழியைச் சீராக்குவது என்றால் என்ன என்பதை ஒரு வாக்கியத்தை அருகில் வைத்துப் பார்த்தால் தெரியும். 'மாவட்ட நிர்வாகத்தின் சார்பாக மழை வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட பொதுமக்களுக்குத் தேவையான நிவாரணப் பொருட்கள் வழங்கப்படுவதற்கான நடவடிக்கைகள் துரிதமாக மேற்கொள்ளப்பட்டு வருகின்றன.' இதில் இலக்கணப் பிழை இல்லை. சொற்கள் பதினைந்து. எடிட்டர் இதை 'வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாவட்ட நிர்வாகம் நிவாரணப் பொருள்களை வழங்கி வருகிறது' என்று எட்டுச் சொல்லில் எழுதிப் பார்க்கிறார். எழுதியதும் அவருக்கு ஒரு சந்தேகம் வருகிறது. மூல வாக்கியம் பொருள் வழங்கப்படுகிறது என்று சொல்லவே இல்லையே? வழங்குவதற்கான நடவடிக்கை நடக்கிறது என்றுதானே சொல்கிறது? அரிசி ஊருக்குப் போய்விட்டதா, கிடங்கிலேயே கிடக்கிறதா? ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதிக் கட்டுரையாளரிடம் திருப்பி அனுப்புகிறார். கட்டுரையாளர் தொலைபேசியில் விசாரித்த பிறகுதான் உண்மை தெரியும். மொழியைத் திருத்தப் போன இடத்தில் ஒரு செய்தி அகப்படுகிறது. நல்ல எடிட்டரின் வேலை பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது: திருத்தம் குறைவு, கேள்வி அதிகம்.

நூல் முழுவதும் ஒன்றுபோல் வைக்கும் சீர்மை வேறு வகைப் பொறுமையைக் கேட்கிறது. கோயிலா கோவிலா, வாழ்த்துகளா வாழ்த்துக்களா, நாள்களா நாட்களா, 2020இல் என்று ஒட்டி எழுதுவதா 2020-ல் என்று கோடு போடுவதா, ஃ எழுத்தைப் போட்டு ஃபேன் என்பதா பேன் என்பதா? கடைசியில் சொன்னது தலையில் ஊரும் பேனோடு குழம்பும். இவற்றில் சில இலக்கணத்தால் தீரும். சுவரில் என்பதுதான் சரி, சுவற்றில் என்பது பிழை. பல இடங்களில் இரண்டு வடிவமும் வழக்கில் உண்டு. அங்கே சரியைத் தேடிச் சண்டை போடுவதைவிட ஒன்றைத் தேர்ந்து, நூல் முழுக்க அதையே வைத்துக்கொள்வது போதும். அந்தத் தேர்வுகளை எழுதிவைக்கும் தாளை நடைத்தாள் என்கிறார்கள். அகராதி இந்த வேலைக்குத் துணை. க்ரியா பதிப்பகத்தின் 'தற்காலத் தமிழ் அகராதி' 1992இல் முதற்பதிப்பாகவும் 2008, 2020 ஆகிய ஆண்டுகளில் விரிவான பதிப்புகளாகவும் வந்தது. 1974இல் க்ரியாவைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், கைப்பிரதியை எழுத்தாளரோடு உட்கார்ந்து வரி வரியாகச் செப்பனிடும் பழக்கத்தைத் தமிழ்ப் பதிப்புலகில் ஒரு நெறியாகவே நிலைநிறுத்தினார். எடிட்டர் என்பவர் எழுத்தாளருக்கு எதிரி என்ற எண்ணம் தமிழில் சற்றேனும் குறைந்திருந்தால் அதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

கணினி வந்த பின் எடிட்டருக்குப் புதிய தலைவலியும் வந்தது. யூனிகோடின் முதற்பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆனாலும் இன்றுவரை பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான கைப்பிரதிகள் வந்துகொண்டே இருக்கின்றன. மாற்றும்போது எழுத்து குலையும். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரம் வந்து உட்காரும். 'ஔவை' என்பதில் ஔ என்ற ஒரே எழுத்துக்குப் பதிலாக ஒகரமும் ளகரமும் தனித்தனியாக நிற்கும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணினியில் தேடினால் அகப்படாது. இதைப் பிடிப்பதற்கென்றே தனியாக ஒரு சுற்று வைக்க வேண்டும், அந்தச் சுற்றுக்கும் நேரம் கணக்கில் சேர வேண்டும்.

மூன்றாவது வேலையான உள்ளடக்கத் திட்டமிடல் பெயரளவில் புதியது. கிறிஸ்டினா ஹால்வர்சன் 2009இல் வலைத்தள உள்ளடக்கம் பற்றி எழுதிய நூலுக்குப் பிறகு அந்தப் பெயர் பரவியது. செயலாகப் பார்த்தால் பழையது. டிராக்டரும் கலப்பையும் செய்யும் ஜான் டியர் நிறுவனம் 1895இலேயே உழவர்களுக்காக 'தி ஃபரோ' என்ற இதழைத் தொடங்கியது. டயர் செய்யும் மிஷலின் 1900இல் கார் ஓட்டிகளுக்கு வழிகாட்டிப் புத்தகம் வெளியிட்டது. தமிழில் இதற்கு ஒப்பாகச் சொல்ல வேண்டியது பாரதியின் 1920ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை. எட்டயபுரத்திலிருந்து நண்பர்களுக்கு அவர் அனுப்பிய அந்த அறிக்கையில் தம் எழுத்துகளை 40 நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 10,000 பிரதிகள் அச்சிட்டு, மலிவாக விற்கப்போவதாகச் சொல்லி, அதற்குக் கடன் கேட்டார். எதை, எத்தனையாக, யாருக்கு, என்ன விலையில் என்று ஓர் எழுத்தாளர் தாமே கணக்குப் போட்ட திட்டம் அது. கடன் கேட்டபடி வரவில்லை. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். திட்டத்தில் குறையில்லை, முதல்தான் இல்லை.

இன்றைய திட்டமிடுநரின் வேலை எழுதத் தொடங்கும் முன்பே நடக்கிறது. எடுத்துக்காட்டாக, ஒரு மருத்துவமனை தமிழில் நோய் விளக்கப் பக்கங்கள் வேண்டும் என்கிறது. 'நீரிழிவு நோய்' என்று தலைப்பிடுவதுதான் பாடநூல் வழக்கம். நோயாளி டாக்டரிடம் 'சர்க்கரை நோய்' என்கிறார். வீட்டில் 'அப்பாவுக்கு சுகர் ஏறிடுச்சு' என்கிறார்கள். கைப்பேசியில் தேடும்போதும் அவர்கள் அடிப்பது அந்தச் சொற்களைத்தான். நீரிழிவு என்று மட்டும் எழுதிய பக்கம் எவ்வளவு செம்மையாக இருந்தாலும் தேடுபவர் கண்ணில் படாமல் போகலாம். தலைப்பில் சர்க்கரை நோய் என்றும், முதல் பத்தியில் நீரிழிவு என்ற பெயரும் உண்டு என்றும், கேள்வி வடிவத் துணைத் தலைப்பில் சுகர் என்றும் வைக்கலாம் என்று முடிவெடுப்பது திட்டமிடுநர். பட்டா பெயர் மாற்றம், சாதிச் சான்றிதழ் போன்ற அரசு சார்ந்த பக்கங்களிலும் இதே கதைதான். மக்கள் வாயில் இருக்கும் சொல்லையும் ஆவணத்தில் இருக்கும் சொல்லையும் ஒரே பக்கத்தில் கைகுலுக்க வைக்கத் தெரிந்தவருக்கு மொழியறிவோடு ஊர் அறிவும் வேண்டும்.

அதன் பிறகு கணக்கெடுப்பு. ஏற்கெனவே உள்ள பக்கங்கள் எத்தனை, ஒவ்வொன்றையும் கடைசியாகத் திருத்தியது எப்போது, யார் பொறுப்பு என்று ஓர் எக்ஸெல் அட்டவணையில் வரி வரியாக எழுத வேண்டும். அலுப்பான வேலை, ஆனால் இதில்தான் பெரும்பாலான உண்மைகள் வெளிவரும். பணிவிட்டுப் போன மருத்துவரின் பெயர், பழைய கட்டண விவரம், ஒரே தகவலை மூன்று விதமாகச் சொல்லும் மூன்று பக்கங்கள் எல்லாம் அகப்படும். புதிதாக எழுதச் சொல்லி அழைத்தவர்களுக்கு 'முதலில் பாதியை நீக்குங்கள்' என்ற ஆலோசனை வரும்போது அதிர்ச்சியாக இருக்கும். நீக்கச் சொல்வதற்கும் பணம் உண்டு என்பதை அவர்கள் ஏற்றுக்கொள்ள வைப்பது திட்டமிடுநரின் திறமையில் ஒரு பகுதி. நிறுவனத்துக்குள் யார் பக்கங்களைத் தொடர்ந்து பார்த்துக்கொள்வார் என்று தீர்மானிக்காமல் தரும் எந்தத் திட்டமும் ஆறு மாதத்தில் பழுதாகிவிடும்.

இனி விலை. ஆங்கிலத்தில் சொல்லுக்கு இவ்வளவு என்பது பரவலான அளவு. தமிழுக்கு அதை அப்படியே கொண்டுவந்தால் எழுதுபவருக்கு நட்டம். 'வந்துகொண்டிருந்தவர்களுக்காகவும்' என்பது தமிழில் ஒரு சொல். அதையே ஆங்கிலத்தில் சொல்ல ஏழெட்டுச் சொற்கள் ஆகும். வேற்றுமையும் காலமும் எண்ணும் உம்மையும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் மொழி இது. ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கும்போது தமிழ்ப் பிரதியின் சொல்லெண்ணிக்கை பெரும்பாலும் மூலத்தைவிடக் குறையும். அதனால் மொழிபெயர்ப்புக்கு மூலத்தின் சொல்லை எண்ணி விலை பேசுவதே முறை. செம்மையாக்கத்துக்கும் சொல்லெண்ணிக்கை ஒத்துவராது. வெள்ள நிவாரண வாக்கியத்தைப் பதினைந்திலிருந்து எட்டுக்குக் குறைத்தவர், முடிந்த பிரதியின் சொல்லுக்குக் கூலி பேசியிருந்தால் தன் கூலியில் பாதியைத் தானே வெட்டியவர் ஆவார்.

நேரத்தை அளப்பது நேர்மையான வழி. 240 பக்க நூல் ஒன்று வருகிறது என்று கொள்ளலாம். முதலில் நடுவிலிருந்து ஐந்து பக்கங்களை எடுத்துத் திருத்திப் பார்க்க வேண்டும். முதல் ஐந்து பக்கங்களை எடுக்கக் கூடாது, அவற்றை எழுத்தாளர் ஏற்கெனவே பலமுறை மெருகேற்றியிருப்பார். ஒரு பக்கத்துக்கு 12 நிமிடம் ஆகிறது என்றால் நூலுக்கு 48 மணி நேரம். இரண்டாம் வாசிப்புக்குப் பக்கத்துக்கு 5 நிமிடம் வீதம் இன்னும் 20 மணி. மொத்தம் 68. கூர்ந்து திருத்தும் வேலையை நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் செய்தால் கண்ணும் கவனமும் தவறும். ஆக இது 14 நாள் வேலை. 'பக்கத்துக்கு 30 ரூபாய்' என்று யோசிக்காமல் ஒப்புக்கொண்டால் 7,200 ரூபாய் கிடைக்கும், மணிக்கு 106 ரூபாய்கூட முழுசாக இல்லை. மாதம் 50,000 ரூபாய் தேவைப்படும் குடும்பத்தில், வேலை தேடுவதும் பேசுவதும் பில் அனுப்புவதும் போக மாதம் 80 மணி நேரம்தான் காசாகும் என்றால், மணிக்கு 625 ரூபாய் வந்தாக வேண்டும். அதே நூலுக்கு 42,500. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பது பேரம். முதல் எண்ணை மட்டும் தெரிந்துகொண்டு பேரத்துக்கு உட்கார்வதுதான் கூடாது.

உரிமை அடுத்தது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவரே உரிமையின் முதல் சொந்தக்காரர். ஊழியராக இருந்து வேலையின் பகுதியாக எழுதியது மட்டும் முதலாளியைச் சேரும். பத்திரிகை ஊழியர்களுக்கு அதிலும் சில வரம்புகள் உண்டு. ஃப்ரீலான்ஸர் ஊழியர் அல்லர். ஆகவே எழுதிக் கையெழுத்திட்டுத் தராதவரை கட்டுரையின் உரிமை பொதுவாக அவரிடமே இருக்கிறது, சன்மானம் வாங்கியிருந்தாலும்கூட. உரிமையை மாற்றித் தரும் ஆவணம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்று சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது. கால அளவு குறிப்பிடவில்லையென்றால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடவில்லையென்றால் இந்தியா என்று கொள்ள வேண்டும் என்றும் அதுவே சொல்கிறது. வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஆவணத்தில் வேறு விதமாக இல்லாதவரை, உரிமை காலாவதியாகும். உரிமையை முழுவதுமாக விற்ற பிறகும் இதை எழுதியவர் தாமே என்று சொல்லிக்கொள்ளவும், தம் பெயருக்குக் கேடு வரும்படி எழுத்தைச் சிதைத்தால் தடுக்கவும் ஆசிரியருக்கு 57ஆம் பிரிவு இடம் தருகிறது. பாதுகாப்புக் காலம் ஆசிரியரின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டும். 'அனைத்து உரிமைகளும்' என்ற இரண்டு சொற்களை வாசிக்காமல் கையெழுத்திடுகிறவர் பேரப்பிள்ளைகளின் காலம்வரை நீளும் ஒன்றைக் கொடுத்துவிடக்கூடும்.

பணம் வராமல் நிற்கும்போது துணைக்கு வரும் சட்டத்தைப் பலர் அறிவதில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டம் தொழிற்சாலைகளுக்கானது என்று நினைக்கிறார்கள். சேவை தரும் தனி மனிதரும் அதில் குறுநிறுவனமாகப் பதியலாம். அதற்கான அரசின் உத்யம் தளத்தில் 2020 முதல் இணையவழியே, கட்டணமின்றிப் பதிவு நடக்கிறது. பதிந்தவருக்குச் சேரவேண்டிய தொகையை, ஒப்பந்தம் என்ன சொன்னாலும், வேலையை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டுவட்டியாக ஏறும். முறையிட மாநில அரசின் மன்றமும் உண்டு. நியூயார்க் நகரத்தில் 2017 முதல் ஃப்ரீலான்ஸர்களுக்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது: 800 டாலரோ அதற்கு மேலோ பெறும் வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், தேதி குறிக்கவில்லையென்றால் வேலை முடிந்து 30 நாளுக்குள் பணம். இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் இல்லாத நிலையில் உத்யம் பதிவைத் தவறவிடுவது கையிலிருக்கும் குடையை விரிக்காமல் மழையில் நடப்பது போல. வழக்குக்கு முன்னால் செய்யக்கூடியது இன்னும் எளிது: தொடங்கும்போது ஒரு பங்கு அட்வான்ஸ், பாதி முடிந்ததும் ஒரு பங்கு, ஒப்படைக்கும்போது மீதி.

வரியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நிறுவனங்கள் தொழில்முறைக் கட்டணத்தில் பொதுவாக 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கின்றன. பிடித்த தொகை தம் பான் எண்ணில் வரவாகியிருக்கிறதா என்று ஃப்ரீலான்ஸர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். வருங்கால வைப்பு நிதியோ மருத்துவக் காப்பீடோ யாரும் கட்டித் தர மாட்டார்கள் என்பதால் அவற்றுக்கான பணத்தையும் மணிக்கணக்கு விலைக்குள்ளேயே வைத்தாக வேண்டும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு பேரத்தில் புதிய வாக்கியம் ஒன்று புகுந்திருக்கிறது: 'மெஷின்லயே எழுதியாச்சு, நீங்க லேசா பார்த்துக் கொடுத்தால் போதும்.' லேசாகப் பார்ப்பது என்பது மறுபடியும் அந்த ஒற்றைச் சொல் ப்ரூஃப்தான். இயந்திரம் தரும் தமிழ் மேலோட்டமாகச் சரளமாக இருக்கும். உள்ளே ஆங்கில வாக்கியத்தின் எலும்புக்கூடு நிற்கும். செயப்பாட்டு வினை வரிக்கு வரி வரும். இல்லாத நூலும் நடக்காத நிகழ்ச்சியும் நம்பும்படியான முகத்தோடு உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு ஆண்டையும் பெயரையும் சரிபார்ப்பது புதிதாக எழுதுவதைவிடக் குறைந்த வேலை என்று முன்கூட்டி நம்ப முடியாது. இங்கேயும் அதே ஐந்து பக்கச் சோதனைதான் வழி. நேரம் எவ்வளவு ஆகிறது என்று அளந்து, அதற்கு விலை சொல்லலாம். அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 2023இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, இயந்திரத்தின் எழுத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதற்கு ஒப்பந்தத்தில் வரம்பு எழுத வைத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சங்கம் இருந்தது. தனியாளாக நிற்கும் தமிழ் ஃப்ரீலான்ஸர் தம் ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்கலாம்: தந்த மூலம் இயந்திரத்தில் உருவானதா என்று முன்பே தெரிவிக்க வேண்டும், தாம் எழுதித் தந்ததை இயந்திரத்துக்குப் பயிற்சி அளிக்கத் தம் அனுமதி இல்லாமல் தரக் கூடாது.

வேலை முடியும்போது ஒப்படைக்க வேண்டியது பிரதி மட்டுமல்ல. திருத்தங்கள் தெரியும் கோப்பு ஒன்று, திருத்தங்களை ஏற்ற தூய கோப்பு ஒன்று, எழுத்தாளர் இன்னும் விடை சொல்லாத கேள்விகளின் பட்டியல், நடைத்தாள் ஆகிய நான்கும் சேர்ந்து போக வேண்டும். நடைத்தாள் இருந்தால் ஐந்து ஆண்டு கழித்து இரண்டாம் பதிப்பு வரும்போது, வேறொரு எடிட்டர் கோயிலா கோவிலா என்று முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பதிப்புரிமைப் பக்கத்தில், அச்சகத்தின் பெயருக்கும் அட்டை வடிவமைத்தவரின் பெயருக்கும் பக்கத்தில், 'செம்மையாக்கம்' என்று எழுதி ஒரு பெயர் போட இடம் இருக்கிறது. அந்த வரியையும் தொகை பேசும் அன்றே பேசி ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். அச்சுக்குப் போன பிறகு கேட்டால் பக்கம் பூட்டியாகிவிட்டது என்பார்கள்.